உடைந்த கோப்பைக்கு ஒரு ஜோடி

ஆறு கண்ணாடிக் கோப்பைகளில் ஒன்று உடைந்தால் மிச்சம் ஐந்தும் குறைபட்டு நிற்கின்றன. செய்த ஆலையே மூடிவிட்டால்?

அமெரிக்காவின் ஃபாஸ்டோரியா நிறுவனம் 1915-இல் 'அமெரிக்கன்' என்ற வரிசையை அறிமுகப்படுத்தியது. உருகிய கண்ணாடியை அச்சில் அழுத்திச் செய்தவை. உடலெங்கும் சின்னஞ்சிறு கனசதுரங்கள். வெளிச்சம் பட்டால் ஒவ்வொன்றும் தனித்தனியே மின்னும். என்ன ஒரு வடிவமைப்பு! மேற்கு வர்ஜீனியாவின் மவுண்ட்ஸ்வில்லில் இருந்த ஆலை 1986-இல் மூடப்பட்டது. ஆனாலும் அந்தக் கோப்பைகளுக்கான தேடல் ஓயவில்லை.

இந்தியானா கிளாஸ் என்ற நிறுவனத்தின் 'வைட்ஹால்' வரிசைதான் தேடுவோரை அதிகம் ஏமாற்றும். அதே கனசதுரங்கள், முதல் பார்வைக்கு அதே அழகு. பக்கத்தில் வைத்தால்தான் உயரமும் விளிம்பும் அச்சு இணைந்த கோடும் வேறெனத் தெரியும். படத்தை மட்டும் நம்பி வாங்கக் கூடாது.

இத்தகைய தேடலையே தொழிலாக்கியவரும் உண்டு. வட கரோலினாவில் மாநில அரசின் தணிக்கையாளராக இருந்த பாப் பேஜ், நண்பர்கள் கேட்ட பழைய பாத்திரங்களைச் சந்தைகளில் தேடித் தந்தார். 1981-இல் அதையே 'ரீப்ளேஸ்மெண்ட்ஸ்' என்ற நிறுவனமாக்கினார். போற்றத்தக்க தொழில்.

கோப்பை உடைந்தால் அடிப்பகுதியைப் பத்திரப்படுத்துங்கள். மிஞ்சியவற்றின் உயரத்தையும் வாய் அகலத்தையும் மில்லிமீட்டரில் குறித்துக்கொண்டு தேடத் தொடங்குங்கள்.