ஓடும் நீரில் கார்பனின் ஆயுள்

நெய்வேலிச் சுரங்கத்தின் விளிம்பில் நின்று கீழே நோக்குவோர்க்கு, செம்மண்ணும் மணற்பாறையும் களிமண்ணுமாக அடுக்கடுக்காய் இறங்கும் மேல்மண்ணின் அடியில், மண்வெட்டும் ராட்சதச் சக்கரங்களின் பற்கள் கீறிய தடங்களோடு கிடக்கும் பழுப்பு நிலக்கரிப் படிவம் வெறும் கரிய தரையாகவே முதலில் தோன்றும். புதிதாக வெட்டிய கட்டி ஒன்றைக் கையிலெடுத்துப் பார்த்தால்தான், எடையில் ஏறக்குறையப் பாதி ஈரமாகவே உள்ள அப்பொருளில் மரத்தின் வரிகள் இன்னும் அழியாதிருப்பதும், இடையிடையே பிசின் துணுக்குகள் மஞ்சளாக மின்னுவதும் புலப்படும். சில நாள் வெயிலில் கிடந்தாலோ அது வெடித்துச் செதில் செதிலாக உதிர்ந்துவிடும். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது இக்கரிய பொருள் வெளிப்பட்டதும், 1956இல் நிலக்கரி நிறுவனம் தோன்றியதும், 1957இல் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்ததும், 1961இல் நிலக்கரி முகம் காட்டியதும் இவ்வட்டாரத்தார் நன்கறிந்த சரித்திரம். இங்கே நாம் ஆராயப் புகுவது வேறொரு விஷயம்: உஷ்ணப் பிரதேசத்து ஆறும் கடலும் கலக்கும் தாழ்நிலத்தில் வளர்ந்த காட்டின் கார்பன், காற்றோடு போகாமலும் கடலில் கரையாமலும் இத்தனை காலம் இங்கேயே தங்கியது எங்ஙனம்?

அது தாழ்நிலச் சதுப்புக் காடுதான் என்பதற்கு மகரந்தங்களே சாட்சி. சி. ஜி. கே. ராமானுஜம் 1960களில் இந்நிலக்கரியினின்று பிரித்தெடுத்து ஆராய்ந்த மகரந்தத் துகள்களும், பின்வந்தோர் கண்டவையும், பனையினத்து மரங்களும் அலையாத்தி இனங்களும் செறிந்த கரையோரக் காட்டையே சுட்டுகின்றன. படிவம் மயோசீன் காலத்தது என்பது நெடுநாளைய கொள்கை. அதனினும் தொன்மையான ஈயோசீன் காலத்தது என்று வாதிப்போரும் உளர். எவர் கூற்று மெய்யாயினும் கணக்குக் கோடி ஆண்டுகளில்தான் நிற்கும்.

அக்காட்டின் கார்பன் தங்கியதன் காரணத்தை அறிய, ஓடும் நீரில் கார்பனின் கதியை முதலில் நோக்குவோம். ஆற்றுநீரில் கார்பன் மூன்று வடிவங்களில் பிரயாணம் செய்கிறது. மழைநீர் மண்ணின் கரியமில வாயுவை ஏற்றுப் பாறையை அரிக்கும்போது பிறக்கும் பைகார்பனேட்டும் அதனுடன் கரைந்த வாயுவும் ஒன்று. சருகும் மட்கும் ஊறிய தேநீர் நிறக் கரைசல் மற்றொன்று. வண்டலோடு ஒட்டி உருண்டு வரும் திடத் துகள் மூன்றாவது. 1980களில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் எகான் டெகன்ஸ் முன்னின்று நடத்திய உலக ஆறுகளின் கார்பன் ஆராய்ச்சியில், நம் நாட்டினரான வேணுகோபாலன் இட்டேக்கோட் முக்கியப் பங்கு கொண்டு, வெள்ளக் காலத்து வண்டலில் கார்பனின் விகிதம் குறைந்தும், எஞ்சியது எளிதிற் சிதையாத தன்மையதாகவும் இருப்பதை எடுத்துக் காட்டினார். எனினும், நிலத்தினின்று கடலுக்குச் சரக்கைக் கொண்டு சேர்க்கும் ஒரு கால்வாயாகவே ஆற்றைக் கருதும் வழக்கம் அக்காலத்தில் முற்றும் மாறிவிடவில்லை.

அவ்வழக்கத்தை மாற்றியது அமேசான். 2002இல் ஜெஃப்ரி ரிச்சியும் அவர்தம் சகாக்களும், அந்நதியின் படுகையில் நீர்ப்பரப்பினின்று ஆண்டுதோறும் ஏறக்குறைய 47 கோடி டன் கார்பன் வாயுவாக மேலெழுகிறது என்றும், அது ஆறு கடலுக்கு எடுத்துச் செல்லும் கரிமப் பொருளின் கார்பனைப்போல் 13 மடங்கு என்றும் கணித்து வெளியிட்டனர். மூன்றாண்டு கழித்து எமிலியோ மயோர்கா முதலியோர் அவ்வாயுவின் வயதை அளந்தபோது, பெரும்பகுதி ஐந்தாண்டுக்கும் குறைந்த வயதினதாக இருந்தது. அதாவது, அண்மையில் இலையாய் இருந்தது சருகாகி நீரில் விழுந்து, கடலைக் காணுமுன்னரே காற்றுக்குத் திரும்பிவிடுகிறது. 2007இல் ஜொனாதன் கோல் குழுவினர், உள்நாட்டு நீர்நிலைகள் நிலத்தினின்று ஆண்டுக்குச் சுமார் 190 கோடி டன் கார்பனைப் பெற்றுச் சுமார் 90 கோடி டன்னை மட்டுமே கடலில் சேர்க்கின்றன என்றனர். 2013இல் பீட்டர் ரேமண்ட் குழுவினரோ, காற்றில் எழுவதே ஆண்டுக்கு 210 கோடி டன் என்றும் அதில் 180 கோடி ஓடும் நீரினின்றே எழுவது என்றும் அம்மதிப்பை உயர்த்தினர். இங்ஙனம் பத்தாண்டுக்குள் தொகைகள் மேலேறியதைக் கண்டு துறையின் மேல் அவநம்பிக்கை கொள்ள வேண்டுவதில்லை. சிற்றோடைகளையும் வெள்ளநாட்களையும் அளக்க அளக்கவே தொகை உயர்ந்தது.

வெள்ளநாட்களை அளப்பதன் அவசியம் நம் கோதாவரியில் நன்கு விளங்கும். திரியம்பகத்தில் பிறந்து 1,465 கிலோமீட்டர் ஓடும் அந்நதியில் கே. பாலகிருஷ்ணாவும் ழான்-லூக் புரோப்ஸ்ட்டும் செய்த ஆராய்ச்சி 2005இல் வெளிவந்தது. அவர்கள் கைக்கொண்ட அளவுகோல், கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் உள்ள விகிதம். நீர்ப்பாசியில் அவ்விகிதம் ஆறு ஏழு என்ற அளவிலும், மண்ணின் மட்கில் பத்து பன்னிரண்டை ஒட்டியும், உதிர்ந்த இலையில் அதற்கு வெகு மேலேயும் நிற்பதால், வடிகட்டியில் தங்கிய ஒரு சிட்டிகை வண்டலைக் கொண்டே அது காட்டினின்று வந்ததா, உழுத வயலினின்று வந்ததா, ஆற்றிலேயே விளைந்ததா என ஊகித்துணர முடிகிறது. பின்னர் விசாகப்பட்டினத்துக் கடலாய்வு விஞ்ஞானிகள் வி. வி. எஸ். எஸ். சர்மாவின் தலைமையில் கோதாவரியின் முகத்துவாரத்தை ஆண்டு முழுதும் தொடர்ந்து நோக்கினர். தென்மேற்குப் பருவமழையின் வெள்ளம் இறங்கும் சில வாரங்களில் நீரின் கரியமில வாயு திகைக்கத்தக்க அளவுக்கு ஏறிவிடுவதையும், வெள்ளம் வடிந்து கடல்நீர் உட்புகும் மாதங்களில் ஒன்றுமில்லை எனத்தக்க அளவுக்கு இறங்கிவிடுவதையும் அவர்கள் கண்டனர். இந்திய முகத்துவாரங்கள் இருபத்தேழில் அவர்கள் அளந்து 2012இல் வெளியிட்ட முடிவில், அவ்வாயுவின் அழுத்தம் சுமார் 300 மைக்ரோ அட்மாஸ்பியர் முதல் 18,000க்கும் மேல்வரை விரிந்து கிடந்தது. ஆயினும் ஆண்டு முழுமைக்கும் கூட்டிப் பார்த்தால், நம் முகத்துவாரங்கள் வெளிவிடும் தொகை ஐரோப்பாவினுடையதைவிட மிகக் குறைவே. கோடையில் ஒருமுறை சென்று அளப்பவனும், ஆவணியில் ஒருமுறை சென்று அளப்பவனும் ஒரே ஆற்றைப்பற்றிப் பேசுவதாகவே தோன்றாது.

கார்பன் காற்றுக்குத் திரும்பிவிடும் இவ்வாறுகளுக்கு நேர்மாறான உதாரணம் கங்கையும் பிரம்மபுத்திராவும். 2007இல் வாலியர் கலி குழுவினர் காட்டியபடி, இவ்விரு நதிகளும் கொணரும் கரிமப் பொருளின் கார்பனில் 70 முதல் 85 விழுக்காடு அண்மைக்கால உயிரினங்களினின்று வந்தது; அது பெரும்பாலும் வங்கக் கடலடியில் சிதையாமலே புதைகிறது. மலையரிப்பின் வேகத்தால் வண்டல் வந்துகொண்டே இருந்து பழையதை மூடிவிடுவதும், கடலடியில் பிராணவாயு குறைந்திருப்பதும் இதற்குக் காரணங்கள். ஆகவே, எத்தனை டன் கார்பன் ஓடுகிறது என்ற வினாவைக் காட்டிலும், ஓடிய கார்பன் எத்தனை காலம் நிற்கிறது என்ற வினாவே பிரதானமானது என்பது என் அபிப்பிராயம். அமேசானில் அது ஐந்தாண்டு. வங்கக் கடலடியில் லட்சக்கணக்கான ஆண்டு. நெய்வேலியில் கோடி ஆண்டு. பிராணவாயு எட்டாத சேறும், இடைவிடாது இறங்கும் வண்டலும், நில அமிழ்வும் ஓரிடத்தில் கூடினால் ஒழிய அந்நீண்ட ஆயுள் வாய்ப்பதில்லை.

அத்தகைய சேறு இன்றும் நெய்வேலிக்கு வெகு தூரத்தில் இல்லை. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே பிச்சாவரத்தில், சுரபுன்னையின் முட்டுவேர்களும், தில்லைத் தலத்தின் விருட்சமாகிய தில்லை மரமும் நிற்கும் கழிகளில், இலையும் வேரும் இன்றும் கருஞ்சேற்றில் அமிழ்ந்துகொண்டிருக்கின்றன. ஆனால் சேறு முழுவதையும் சேமித்து விடுவதில்லை. ஆர். பூர்வஜாவும் ஆர். ரமேஷும் இந்திய அலையாத்திக் காடொன்றில் ஆராய்ந்து, பிராணவாயுவை வேருக்குக் கொண்டு செல்லும் அதே சுவாச வேர்கள் சேற்றில் விளையும் மீத்தேனைக் காற்றுக்கு ஏற்றிவிடும் வழியாகவும் இருப்பதைக் காட்டினர். இனி, காட்டின் அடியை மூடவேண்டிய வண்டலும் குறைந்துவிட்டது: 1934இல் கட்டி முடிந்த மேட்டூர் அணையும் மேலுள்ள பிற அணைகளும் காவிரியின் வண்டலைத் தம் அடியில் தேக்கிக் கொள்வதால், ஆடிப்பெருக்குக்கு வரும் புதுவெள்ளம் கழிமுகத்தை அடையும்போது தெளிந்தே அடைகிறது. அணைகளின் அடியில் தங்கிய கார்பனும் ஒருவகைச் சேமிப்பே எனினும், அதன் ஆயுள் அணையின் ஆயுளைவிட நீளாது.

ஆயுளை அளக்கும் கருவியைப்பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். உயிருள்ள இலையில் அற்ப அளவு கதிரியக்கக் கார்பன் உண்டு. 5,730 ஆண்டுக்கு ஒருமுறை அது பாதியாகும். நெய்வேலி நிலக்கரியில் அது அறவே இல்லை. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வெடித்த அணுகுண்டுகளால் காற்றில் அதன் அளவு ஏறக்குறைய இருமடங்காகிப் பின் படிப்படியாக இறங்கியது. அந்த ஏற்ற இறக்கத்தைக் காலக்குறியாகக் கொண்டே அமேசானின் வாயு ஐந்தாண்டுக்குட்பட்டது என அறிய முடிந்தது. இப்போதோ, கடலும் தாவரமும் அதை உறிஞ்சியதோடு, நெய்வேலி உள்ளிட்ட உலகத்து அனல்மின் நிலையங்களின் பழைய கார்பன் காற்றில் கலந்து நீர்க்கச் செய்ததாலும், அதன் அளவு குண்டுகளுக்கு முந்தைய நிலைக்கே வந்துவிட்டது. ஹீதர் கிரேவன் கணித்தபடி இப்போக்கே நீடிக்குமாயின், 2050இல் தளிர்க்கும் இலை, இந்த அளவுகோலுக்கு ஓராயிரம் ஆண்டு முன் உதிர்ந்த இலையாகத் தோன்றும். அதன்பின் இளங்கார்பனையும் முதுகார்பனையும் ஆற்றுநீரில் பிரித்தறிவது கடினமாகிவிடும். ஆதலால் காவிரி, கொள்ளிடம், வெள்ளாறு ஆகியவற்றின் ஐப்பசி கார்த்திகை வெள்ளங்களில் நீரையும் வண்டலையும் ஆண்டுதோறும் எடுத்து, நாளும் இடமும் குறித்துப் பாதுகாத்து வைக்கும் பணியை, பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் ஆய்வு நடத்தும் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போன்ற அருகிலுள்ள நிலையங்கள் தாமதமின்றி மேற்கொள்ள வேண்டும்.