கையளவு சிலையில் கல்லைப் பார்ப்பது

மாமல்லபுரத்தில் ஐந்து ரதத்துக்குப் போகும் சாலையோரக் கடைகளில் சின்னச் சின்னப் பிள்ளையார்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். முகத்தைப் பார்க்கும் முன் ஒன்றை எடுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். பாலிஷ் படாத அடிப்பாகத்தில்தான் கல்லின் சொந்த நிறம் தெரியும்.

கடைக்காரரிடம் சொல்லிவிட்டு அங்கே நகத்தால் லேசாகக் கீறுங்கள். வெள்ளைத் தடம் விழுந்து, விரலில் சோப்பு பட்டது போல வழுவழுத்தால் அது மாக்கல். கருப்பு பாலிஷ் ஏற்றினால் மாக்கல்லும் கருங்கல் போலவே இருக்கும். எடையை நம்ப வேண்டாம், இரண்டும் ஏறத்தாழ ஒரே கனம்தான். கருங்கல்லில் நகம் என்ன, பேனாக்கத்தியே வழுக்கிக்கொண்டு போகும்.

மூன்றாவது வகை, கல்தூளை ரெசினில் குழைத்து அச்சில் வார்த்தது. பக்கவாட்டில் மெல்லிய ஒட்டுக்கோடு, ஊசிமுனை அளவில் குமிழிக் குழிகள், கல்லின் குளிர்ச்சி இல்லாத தொடுகை. அடுத்த கடையிலும் அதே பிள்ளையார், அதே தும்பிக்கை மடிப்போடு இருப்பார். கொலுவுக்கு வாங்கலாம், ஆனால் அதில் உளித்தடம் தேட முடியாது. மாமல்லபுரத்துக்கு 2017-இல் புவிசார் குறியீடு கிடைத்தது கற்சிற்பத்துக்குத்தான்.

மாக்கல்லை மட்டமாக நினைப்பதுதான் எனக்குப் பொறுக்காது. அரமும் சிற்றுளியும் இழுத்த இழுப்புக்கு வரும் கல் அது. யானை வயிற்றைச் சல்லடையாகக் குடைந்து உள்ளே குட்டியைச் செதுக்குவது அதில்தான் இயலும். 12-ஆம் நூற்றாண்டில் ஹொய்சாளச் சிற்பிகள் கர்நாடகத்துப் பேளூரிலும் ஹளேபீடிலும் நகைநட்டுகளை அவ்வளவு நுணுக்கமாகச் செதுக்கினார்கள் என்றால், அவர்களுக்கு வாய்த்ததும் மென்மையான கல்தான். மாக்கல்லில் குடைவையும் இடைவெளியையும் பாருங்கள்.

கருங்கல்லில் அவற்றைத் தேடினால் ஏமாற்றம்தான். மெல்லிசாக நீட்டிய விரல் தெறித்துவிடும் என்பதால் சிற்பி கையை உடம்போடு ஒட்டியே விடுவார். இதே ஊரில் பாறையில் செதுக்கிய அர்ச்சுனன் தபசு யானைகளைப் பாருங்கள். ஏழாம் நூற்றாண்டுச் சிற்பி அவற்றுக்கு அணிமணி எதுவும் பூட்டவில்லை. அகன்ற நெற்றி, இறங்கி வளையும் துதிக்கை, காலடியில் குட்டிகள், அவ்வளவுதான். காலையில் சாய்வாக விழும் வெளிச்சம் மற்றதைச் செய்துவிடும். கையளவு கருங்கல் சிலையையும் அப்படிச் சாய்த்துப் பிடித்து, தோளும் வயிறும் எப்படித் திரள்கின்றன என்று பாருங்கள்.

இந்த வட்டாரத்துக் கருங்கல்லில் ஒரு வகைக்கு உலகப் பெயரே உண்டு. கல்கத்தாவில் ஆங்கில வணிகர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லும் சென்னையை ஒட்டிய பல்லாவரத்துப் பாறையும் ஒரே வகை என்று கண்ட நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து, 1893-இல் அதற்குச் சார்னோகைட் என்று பெயர் வைத்தார்.

கருங்கல்லின் பெரிய அழகை நான் கடைசிக்கு வைத்திருந்தேன். உளி கொத்திய இடம் சாம்பல் வெளுப்பாக நிற்கும், தேய்த்து மெருகேற்றிய இடம் கருத்து மின்னும். சாயமே இல்லாமல் ஒரே கல்லில் இரண்டு நிறம். நல்ல சிற்பி முகத்தை மட்டும் மெருகேற்றி, சடையையும் மாலையையும் கொத்தியபடியே விட்டுவைப்பார். மெருகை எந்த இடத்தில் நிறுத்தியிருக்கிறார் என்று பாருங்கள். அதன் பிறகு விலை கேட்கலாம்.