எழுவாய் மறைந்த வாக்கியங்கள்: திருகோணமலையை முன்னிறுத்தி அரச ஆவண மொழி பற்றிய ஒரு நோக்கு

இலக்கிய விமர்சனம் என்றதும் கவிதை, புனைகதை, நாடகம் ஆகியவற்றையே நாம் நினைவுகொள்கிறோம். அரசாங்க அறிவித்தல்கள், ஆணைக்குழு அறிக்கைகள், ஒழுங்குவிதிகள் முதலியன விமர்சகனின் பார்வைக்கு உரியனவாகக் கருதப்படுவதில்லை. ஆயின் ஈழத்துத் தமிழ் மக்களது வாழ்வை அண்மைக்கால நாவல் எதனையும்விட ஆழமாக நிர்ணயித்தவை இவ்வகை எழுத்துக்களே. யாரோ ஒருவர் அவற்றை எழுதினார்; யாரோ ஒருவருக்காக எழுதினார்; சொற்களைத் தேர்ந்தார், சிலவற்றைத் தவிர்த்தார். ஆகவே அவையும் விமர்சனத்துக்கு உட்பட்டவையே. அத்தகைய சில ஆவணங்களைத் திருகோணமலை அனுபவத்தின் பகைப்புலத்தில் வைத்து வாசிப்பதே எமது நோக்கமாகும்.

திருகோணமலையை நாம் தெரிந்துகொண்டமைக்குக் காரணம் உண்டு. அதன் இயற்கைத் துறைமுகம் நூற்றாண்டுகளாக ஆதிக்க சக்திகளின் கண்ணை ஈர்த்து வந்துள்ளது. பிரித்தானியக் கடற்படை 1957 இல் அங்கிருந்து வெளியேறியது. தளம் மட்டும் கைமாறி நிலைத்தது. போர்க்காலத்தில் நகரும் அதனைச் சூழ்ந்த குடியிருப்புகளும் படைமுகாம்களுக்கு இடையில் வாழ்ந்தன. லிங்கநகர் போன்ற துறைமுக வட்டாரக் குடியிருப்புகளில் வாழ்ந்தோருக்கு அரசு என்பது தொலைவிலுள்ள கருத்துப்பொருள் அன்று. சந்தி முனையில் நின்று அடையாள அட்டையைக் கேட்கும் கை அது.

அந்தக் கை எதனைக் கேட்டது என்பதை முதலில் நோக்கலாம். அவசரகால ஒழுங்குவிதிகளின் கீழ் வீட்டில் வசிப்போரின் விபரங்களைப் பொலிஸாரிடம் பதியவேண்டியிருந்தது. பெயர், வயது, அடையாள அட்டை இலக்கம், உறவுமுறை ஆகியன படிவத்தில் இடம்பெற்றன. இரவு தங்கவந்த மைத்துனனும் விளக்கம் கூறவேண்டிய ஒருவனானான். சுற்றிவளைப்புகளில் மக்கள் வரிசையாக நிறுத்தப்பட்டு, முகமூடியிட்ட ஒருவனின் முன்னால் நடத்திச்செல்லப்பட்டனர். மக்கள் அவனுக்குத் 'தலையாட்டி' எனப் பெயரிட்டனர். இச்சொல் அகராதிகளில் பெற்றுள்ள பொருள் வேறு. போர்க்கால ஈழத்தில் அது பெற்ற பொருள் வேறு. முகம் மறைத்தவன் முகம் காட்டி நிற்பவனைத் தீர்மானிக்கிறான். எமது கட்டுரையின் சாரம் இந்தக் காட்சியிலேயே அடங்கியுள்ளது எனலாம். குடிமகன் முழுமையாகத் தெரியவேண்டும். அதிகாரம் தெரியாதிருக்க வேண்டும்.

ஆங்கிலேயச் சிந்தனையாளர் பெந்தாம் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வட்டவடிவச் சிறையொன்றைத் திட்டமிட்டார். நடுவிலுள்ள கோபுரத்திலிருந்து கைதிகள் அனைவரையும் காணலாம். காவலனைக் கைதிகள் காணமுடியாது. பிரெஞ்சு அறிஞர் பூக்கோ 1975 இல் இதனை நவீன அதிகாரத்தின் மாதிரியாக எடுத்துக்காட்டினார். ஆயினும் ஒரு வேறுபாடு மனங்கொள்ளத்தக்கது. பெந்தாமின் காவலன் தன் பார்வையாலேயே கைதியைத் திருத்திவிடலாம் என நம்பினான். இங்கோ பார்வை அதனோடு நிற்கவில்லை.

2006 ஜனவரி 2 ஆந் திகதி மாலை, திருகோணமலைக் கடற்கரையில் காந்தி சிலையருகே கூடியிருந்த தமிழ் மாணவர் ஐவர் கொல்லப்பட்டனர். இருவர் காயங்களுடன் உயிர்தப்பினர். அவ்விடத்தைச் சூழப் படையினரின் காவலரண்கள் இருந்தன. அதிகாரத் தரப்பிலிருந்து முதலில் வந்த விளக்கம், இளைஞர்கள் தம்மிடமிருந்த குண்டு வெடித்து இறந்தனர் என்பதாகும். இதனையே நாம் ஆராயும் முதற் பனுவலாகக் கொள்வோம். இங்கே கொன்றவன் இல்லை. வெடித்த குண்டு மட்டுமே உண்டு. இறந்தவனே தன் இறப்பின் கருத்தாவாகவும் ஆக்கப்படுகிறான். பிரேத பரிசோதனை இதனைப் பொய்யாக்கியது. உடல்களில் இருந்தவை துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள்.

அக்காயங்களை மக்கள் கண்ணால் கண்டது 'சுடர் ஒளி' பத்திரிகையில் வெளிவந்த புகைப்படங்கள் வாயிலாகவே. அவற்றை எடுத்தவர் திருகோணமலைப் பத்திரிகையாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன். அதே மாதம் 24 ஆந் திகதி காலை அவர் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரை யார் சுட்டார் என்பது எந்த நீதிமன்றத்திலும் நிறுவப்படவில்லை. ஆதலின் நாமும் அதனைக் கூற இயலாது. ஆயின் கூற இயலுவது ஒன்று உண்டு. குடிமக்களைப் பார்ப்பதற்கு எண்ணற்ற கண்கள் இருந்த நகரில், குடிமகன் ஒருவன் அதிகாரத்தின் செயலைப் பார்க்க ஒரு புகைப்படக் கருவி போதுமானதாயிற்று. அந்தக் கருவியைப் பிடித்த கை இருபத்திரண்டு நாட்களுக்குமேல் நிலைக்கவில்லை.

இரண்டாவது பனுவல் ஆணைக்குழு அறிக்கையாகும். 2006 நவம்பரில் நீதியரசர் நிசங்க உடலாகம தலைமையில் ஜனாதிபதி ஆணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. ஐந்து மாணவர் கொலை உட்படப் பதினாறு சம்பவங்கள் அதன் ஆய்வுக்கு ஒப்படைக்கப்பட்டன. விசாரணையை அவதானிக்க இந்தியாவின் முன்னாள் பிரதம நீதியரசர் பகவதி தலைமையில் சர்வதேசப் பிரமுகர் குழுவொன்றும் வந்தது. விசாரணைகள் சர்வதேச நியமங்களுக்கு அமைய நடைபெறவில்லை என்று கூறி, அக்குழு 2008 இல் தனது பணியை முடித்துக்கொண்டது. கொல்லப்பட்ட மாணவருள் ஒருவரின் தந்தை, அச்சுறுத்தல் காரணமாக நாட்டைவிட்டு வெளியேறிய ஒரு மருத்துவர், காணொலி மூலம் சாட்சியமளித்தார். பின்னர் அந்த வசதியே நிறுத்தப்பட்டது. பதினாறில் ஏழினை ஆராய்ந்த நிலையில் 2009 இல் ஆணைக்குழுவின் காலம் முடிந்தது. அறிக்கை 2015 ஒக்டோபரில்தான் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்டது. ஆறு ஆண்டுகள் அது வாசகரற்ற நூலாகக் கிடந்தது.

அறிக்கை கிடைத்தபோது அதில் நாம் கண்டது என்ன? கடற்கரைக் கொலையில் சீருடை தரித்தோர் சம்பந்தப்பட்டிருக்கலாம் என ஊகிப்பதற்கு வலுவான காரணங்கள் உண்டு என்ற கருத்து அதில் இடம்பெற்றுள்ளது. முதற் பனுவலோடு ஒப்பிடுகையில் இது ஒரு முன்னேற்றமே. குண்டு இருந்த இடத்துக்கு இப்போது சீருடை வந்துள்ளது. எனினும் சீருடைக்குள் இருந்த மனிதருக்குப் பெயர் இல்லை, இலக்கம் இல்லை, உறவுமுறை இல்லை. நகரத்து மக்களின் பெயரையும் இலக்கத்தையும் எழுதிவைத்திருந்த ஓர் அரசு, அன்று மாலை தனது காவலரண்களில் கடமையிலிருந்தவர் யாவர் என்பதைக் கூறமுடியாத அரசாகத் தோற்றமளித்தது. இது தகவற் குறைபாடு அன்று. தகவலைத் திரட்டும் முறையிலேயே வர்க்கபேதம் போன்றதொரு பேதம் இருந்தது என்பதே உண்மையாகும்.

மூன்றாவது பனுவல் நீதிமன்ற முடிவு. 2013 யூலையில் விசேட அதிரடிப்படையைச் சேர்ந்தோர் கைதுசெய்யப்பட்டனர். 2019 யூலை 3 ஆந் திகதி, போதிய சாட்சியமில்லை என்ற காரணத்தால் பதின்மூவரும் திருகோணமலை நீதவான் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டனர். குற்றம் நிறுவப்படாத எவரையும் நாம் குற்றவாளி என்று கூறவில்லை. அவ்வாறு கூறுவது நாம் கண்டிக்கும் முறையையே நாமும் கைக்கொள்வதாகும். ஆயின் சாட்சிகள் அச்சத்தால் நாட்டைவிட்டுச் சென்ற பின்னர் சாட்சியம் போதவில்லை என்று எழுதப்படும்போது, அந்த வாக்கியத்திலும் எழுவாய் மறைந்தே உள்ளது. சாட்சியம் தானாகப் போதாமற் போவதில்லை.

இத்தகைய மொழி தற்செயலாகத் தோன்றியதன்று. அதற்கொரு சட்ட வரன்முறை உண்டு. 1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் மூன்றாண்டுகளுக்கெனக் கொண்டுவரப்பட்டு, 1982 இல் நிரந்தரமாக்கப்பட்டது. அமைச்சரின் கட்டளையின் பேரில், அவர் தீர்மானிக்கும் இடத்தில், பதினெட்டு மாதங்கள்வரை ஒருவரைத் தடுத்துவைக்க அது இடமளித்தது. உயர் பொலிஸ் அதிகாரி முன்னிலையில் அளிக்கப்பட்ட வாக்குமூலத்தையும் சான்றாக ஏற்றது. 1983 யூனில் பிறப்பிக்கப்பட்ட 15 ஏ என்ற அவசரகால ஒழுங்குவிதி, மரண விசாரணை இன்றியே உடல்களைப் புதைக்கவோ எரிக்கவோ அதிகாரமளித்தது. 2022 ஆம் ஆண்டுத் திருத்தம் தடுத்துவைக்கும் காலத்தைப் பன்னிரண்டு மாதங்களாகக் குறைத்தது. அடிப்படைத் தர்க்கத்தைத் தொடவில்லை. உயிரோடு இருப்பவனை எங்கே வைத்திருக்கிறோம் என்பதையும், இறந்தவனின் உடலில் என்ன இருந்தது என்பதையும் மறைப்பதற்குச் சட்டமே வழிசெய்தபின், அறிக்கை எழுதுவோர் எழுவாயை மறைத்தமையில் வியப்பில்லை.

இம்மறைவு எங்கு கொண்டுசெல்லும் என்பதற்கும் திருகோணமலையே சான்றாகிறது. 2015 நவம்பரில் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகள் செயற்குழு, திருகோணமலைக் கடற்படைத் தளத்தினுள் இரகசியத் தடுப்பிடம் ஒன்று இருந்ததை வெளிப்படுத்தியது. 'கன் சைற்' என அழைக்கப்பட்ட அந்த நிலத்தடிச் சிறைக்கூடங்களில், 2008, 2009 ஆம் ஆண்டுகளில் கொழும்பிலும் அயலிலும் கடத்தப்பட்ட பதினொருவரும் வைத்திருக்கப்பட்டனர் எனக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றில் தெரிவித்தது. அவர்களுள் மாணவரும் இருந்தனர். விடுவிப்பதற்குக் கப்பம் கோரப்பட்டதாகவும் விசாரணைகளில் வெளிவந்தது. தேசப் பாதுகாப்பின் பெயரால் கட்டப்பட்ட இருட்டறை பணம் பறிக்கும் அறையாகவும் பயன்பட்டது என்பது இதன் பொருள். முன்னாள் கடற்படைத் தளபதியொருவர் மீதான குற்றச்சாட்டுகளைத் தொடரப்போவதில்லை என 2021 இல் சட்டமா அதிபர் அறிவித்தார். 2025 யூலையில் வேறொரு முன்னாள் தளபதி, அதே தடுப்பிடத்தோடு தொடர்புபட்ட ஒருவரின் மறைவு குறித்துக் கைதுசெய்யப்பட்டார். அவ்வாறு மறைந்தவர் ஒரு சிங்களவர்.

இந்தச் செய்தி ஆழ்ந்த கவனத்துக்குரியது. ஓர் இனத்தை அடக்குவதற்கெனக் கட்டப்படும் இரகசியம் அந்த இனத்தோடு நின்றுவிடுவதில்லை. 1987 முதல் 1990 வரை தெற்கில் பல்லாயிரம் சிங்கள இளைஞர் இதே அவசரகால விதிகளின் நிழலில் அழிக்கப்பட்டமையை நாம் அறிவோம். தெற்கின் தாயும் கிழக்கின் தாயும் ஒரே கேள்வியையே ஒரே கதவில் தட்டிக் கேட்டனர். அவர்கள் ஒருவரையொருவர் சந்திக்காதவாறு பார்த்துக்கொண்டதே பேரினவாதக் கருத்துநிலையின் பெருவெற்றி எனலாம்.

மக்கள் மொழி இதற்கு எவ்வாறு பதிலளித்தது என்பதையும் நோக்கவேண்டும். நெடுங்காலம் 'காணாமற்போனோர்' என்ற சொல்லே வழக்கிலிருந்தது. அரசின் அலுவலகமும் அப்பெயரையே தாங்கியுள்ளது. காணாமற்போதல் செயப்படுபொருள் குன்றிய வினை. சாவி காணாமற்போகும், ஆடு காணாமற்போகும், அதில் எவருக்கும் பொறுப்பில்லை. 2017 முதல் வடக்கிலும் கிழக்கிலும் தொடர்போராட்டத்தில் அமர்ந்த தாய்மார் 'காணாமலாக்கப்பட்டோர்' என்ற சொல்லை நிலைநிறுத்தினர். இது செயப்பாட்டு வினை. இங்கும் எழுவாயிடத்தில் இருப்பவர் பாதிக்கப்பட்டவரே. எனினும் 'ஆல்' உருபேற்று வரவேண்டிய கருத்தாவுக்கு ஓரிடம் வெறுமையாகவே காத்திருக்கிறது. யாரால் என்ற வினாவை அச்சொல் தன்னுள் சுமந்து நிற்கிறது. ஆணைக்குழுக்கள் ஆயிரக்கணக்கான பக்கங்களில் செய்யாத காரியத்தை அத்தாய்மார் ஒரு விகுதியால் செய்தனர்.

எமது மரபு இதுபற்றி என்ன கூறுகிறது எனக் கேட்பதும் பொருந்தும். திருக்குறளின் பொருட்பால் ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரத்தை ஒதுக்கியுள்ளது. வள்ளுவர் வேவு பார்ப்பதை மறுத்தவர் அல்லர். ஆயின் அவ்வதிகாரம் செங்கோன்மை, கொடுங்கோன்மை, வெருவந்தசெய்யாமை, கண்ணோட்டம் என்பவற்றின் பின்னரே வைக்கப்பட்டுள்ளது. மேலும், ஒற்றரால் ஆராயப்பட வேண்டியோரை வள்ளுவர் வரிசைப்படுத்துகையில் அரசின் பணியாளர்க்கே முதலிடம் தருகிறார். சிலப்பதிகாரத்தில் கோவலன் விசாரணையின்றிக் கொல்லப்படுகிறான். ஆனால் கண்ணகியின் சிலம்பு அரசவையில் அனைவர் முன்னிலையிலும் உடைக்கப்படுகிறது. நிலவுடைமைக் காலத்து மன்னராட்சியை நாம் இலட்சியமாகக் காட்டவில்லை. அவ்வாட்சிகளின் உண்மைநிலை இலக்கியம் கூறியவாறு இருந்தது என்று கருதவும் இடமில்லை. எனினும் சான்று மன்றத்தில் திறக்கப்படவேண்டும் என்ற எதிர்பார்ப்பு எமது மக்களுக்குப் புதியதன்று என்பதை இவை காட்டுகின்றன.

இவ்விடத்தில் சுயவிமர்சனமும் தேவையாகிறது. ஒடுக்குமுறைக்கு எதிராக எழுந்த இயக்கங்களும் தத்தம் ஒற்றரையும் இரகசியச் சிறைகளையும் வைத்திருந்தன. 'துரோகி' என்ற சொல் விசாரணைக்குப் பதிலாக நின்றது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீட விரிவுரையாளர் ராஜினி திராணகம 1989 செப்டெம்பர் 21 ஆந் திகதி கொல்லப்பட்டார். எல்லாத் தரப்பினரது செயல்களையும் எழுவாயோடு எழுதத் துணிந்தவர் அவர். அரசின் மௌனத்தைச் சாடும் நாம் எம்மவரின் மௌனத்தைப் பேணுவோமாயின், எமது சாடல் கட்சிக்குரலாகவே எஞ்சும்.

2016 ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் மக்களின் கையில் ஒரு கருவியைத் தந்துள்ளது; தேசப் பாதுகாப்பு என்ற விலக்கு அதன் கூர்மையை மழுக்குகிறது. 2024 ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டம், குடிமகனின் பேச்சை ஆராய்வதற்கு மேலுமோர் ஆணைக்குழுவுக்கு வழிவகுத்தது. பார்க்கும் கருவிகள் மாறுகின்றன. பார்வையின் திசை மாறவில்லை. அதனை மாற்றுவது அரசியற் போராட்டத்தின் பணி. அப்போராட்டத்தில் தமிழ் பயில்வோருக்கும் ஒரு பங்குண்டு. ஒவ்வோர் அறிக்கையையும் வாசிக்கையில், பள்ளியில் முதன்முதலாகக் கற்ற இலக்கணப் பாடத்தை நினைவுகொண்டு, இவ்வாக்கியத்தின் எழுவாய் யாது என்று கேட்பதே அப்பங்கு. லிங்கநகரில் ஒரு வீட்டின் கதவைத் தட்டி, உள்ளே இருப்போர் யார் எனக் கேட்ட அரசிடம், தட்டியது யார் எனத் திருப்பிக் கேட்கும் உரிமை அவ்வீட்டாருக்கு உண்டு. அக்கேள்விக்கு எழுத்தில் விடை கிடைக்கும்வரை, எமது ஆய்வும் நிறைவு பெற்றதாகாது.