தொலைநாட்டைச் சிறாருக்குக் கற்பித்தல்: அபுதாபிப் பாடமும் திருநாவலூர்ச் சூழலும்

தேசியக் கலைத்திட்டச் சட்டகம் 2005-ஐ அடியொற்றித் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் வெளியிட்ட நான்காம் வகுப்புச் சூழ்நிலையியல் நூலில் ‘ஹோம் அண்டு அப்ராட்’ என்றொரு பாடம் இருந்தது. அபுதாபியில் வாழும் சிற்றப்பன் குடும்பம் கேரளத்துக்கு விடுமுறையில் வருகிறது. அங்குள்ள வாழ்க்கையை உறவுக்குழந்தைகள் பேச்சின் வழியாகவும் நிழற்படங்களின் வழியாகவும் அறிகின்றனர். புதிய பாடநூல்கள் வந்தபின் இப்பாடம் வழக்கொழிந்தது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு அது எக்காலத்தும் உரியதன்று. ஆயினும் தொலைநாட்டு வாழ்வை ஒன்பது வயதுக் குழந்தைக்கு எடுத்துரைக்கும் முறைக்கு அது தக்கதொரு சான்று. அதன் சிறப்பும் குறையும் கள்ளக்குறிச்சி மாவட்டத் திருநாவலூர் போன்றதோர் ஊரின் வகுப்பறையில் வைத்து நோக்கும்போது தெளிவாகின்றன.

சிறப்பை முதலில் கூறவேண்டும். பழைய புவியியல் நூல்கள் ஒரு நாட்டைத் தலைநகர், விளைபொருள், தட்பவெப்பம் எனப் பட்டியலிட்டு முடித்துவிடும். இப்பாடம் அவ்வாறு செய்யவில்லை. மணல்வெளி, பேரீச்ச மரம், குளிரூட்டப்பட்ட உயர்ந்த கட்டடங்கள், வேறு நாணயம், தண்ணீரைவிட மலிவான பெட்ரோல் ஆகிய யாவும் உறவினர் வாய்மொழியாக வருகின்றன. ‘அயல்நாட்டார்’ என்னும் அச்சுறுத்தும் சொல்லுக்கு இடமின்றிச் சிற்றப்பன் மக்களே அந்நாட்டின் தூதராகின்றனர். அறிமுகமானவரைக் கொண்டு அறியாததைக் காட்டும் இம்முறை பாராட்டுக்குரியது.

குறையும் அவ்விடத்திலேயே தொடங்குகிறது. சிற்றப்பன் அங்கே பணிபுரிபவர் என்பதற்கு மேல் அவருடைய பணி பாடத்தின் பொருளாக விரிவதில்லை. பாடத்திட்டமோ ‘குடும்பமும் நண்பர்களும்’ என்னும் கருப்பொருளின்கீழ் ‘வேலையும் விளையாட்டும்’ என ஒரு துணைத்தலைப்பையே வகுத்திருந்தது. மேலும், குடும்பத்துடன் வாழ்பவரே இங்கு வளைகுடாவாசியின் மாதிரி. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2019 முதல் மனைவி மக்களை அழைத்துக்கொள்ள மாத வருவாய் 4,000 திர்ஹாம், அல்லது தங்குமிடத்துடன் 3,000 திர்ஹாம் இருத்தல் வேண்டும். கட்டடத் தொழிலாளருள் மிகப் பலர் இவ்வரம்புக்குக் கீழே உள்ளவர்கள். விழுப்புரம், கள்ளக்குறிச்சி வட்டாரங்களிலிருந்து கூலி வேலைக்குக் கடல்கடந்து செல்வோரின் குழந்தைகள் அபுதாபியைப் பயணப்பெட்டியின் வழியாக அறிவதில்லை. கைபேசித் திரையின் வழியாகவே அறிகின்றனர். ‘உறவினர் வந்தனர்’ என்னும் கதை அக்குழந்தைக்குத் தன் வீட்டில் நடவாத ஒன்றையே நினைவூட்டும்.

வெயிலைப் பாடம் கையாளும் முறை இதனை நன்கு காட்டும். அதில் வெயில் இயற்கைச் செய்தி. உடைக்கும் குளிரூட்டிக்கும் காரணம். அமீரகத்தின் சட்டத்திலோ வெயில் ஒரு தொழிற்செய்தி. ஆண்டுதோறும் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12.30 மணி முதல் 3 மணி வரை திறந்தவெளியில் வேலை வாங்குதல் தடைசெய்யப்பட்டுள்ளது. அந்நாட்டு நேரம் இந்திய நேரத்தைவிட ஒன்றரை மணி பிந்தியது. எனவே அங்குத் தொழிலாளர் நிழலில் ஒதுங்கும் பொழுது இங்குப் பிற்பகல் 2 மணி முதல் 4.30 வரை, ஏறத்தாழ பிற்பகல் வகுப்புகள் நடைபெறும் நேரம். கரும்பலகையில் இரண்டு கடிகாரங்களை வரைந்தாலே நேர வேறுபாடு, வெப்பம், உழைப்பு மூன்றையும் ஒரே பாடத்தில் கற்பித்துவிடலாம். தொழிற்சட்டம் சிறாருக்குச் சுமையாகும் எனும் மறுப்பு இங்குப் பொருந்தாது. கடிகாரம் பார்த்தல் தொடக்கநிலைக் கணக்குப் பாடம்தானே.

ஆசிரியர் ஓரிடத்தில் மிகுந்த எச்சரிக்கையுடன் இருத்தல் வேண்டும். ‘உங்கள் வீட்டில் வெளிநாடு சென்றவர் உண்டா? அவரைப் பற்றிக் கூறுக’ என்பது இத்தகைய பாடங்களின் இறுதியில் வழக்கமாக இடம்பெறும் வினா. கடன்பட்டுச் சென்று வெறுங்கையுடன் திரும்பிய தந்தையும், பல மாதங்களாகப் பேசாத தந்தையும் வகுப்பின் பொதுச் செய்தியாகிவிடக்கூடும். ஏட்டில் எழுதி ஆசிரியரிடம் மட்டும் தரலாம் என்றோ, தெரிந்த ஒருவரைப் பற்றிக் கூறலாம் என்றோ வினாவைச் சற்றுத் தளர்த்தினால் போதும். பாடநூலாசிரியர்கள் இதனை எண்ணாதது வியப்பே.

இனி, திருநாவலூரில் இப்பாடத்தைத் தொடங்க அபுதாபி வரை செல்லவும் வேண்டுவதில்லை. அவ்வூரில் பிறந்த சுந்தரர், தம் தோழர் சேரமான் பெருமாளுடன் இராமேசுவரம் சென்றபோது அங்கிருந்தவாறே ஈழத்துத் திருக்கேதீச்சரத்தைப் பாடினார் என்கிறது பெரியபுராணம். அவ்வாறாயின், காணாத ஊரைப் பற்றிய பாட்டு அது. ஆயினும் அதில் பாலாவிக் கரை உண்டு, மாதோட்டம் என்னும் நகர் உண்டு, மரக்கலங்கள் நிறைந்த கடல் உண்டு. நீர்நிலை, ஊர், துறைமுகம் என்று மூன்று பருப்பொருள்களால் தொலைவிடம் நிலைபெறுகிறது. புகழ்மொழிகளை மட்டும் அடுக்கியிருந்தால் அது எவ்வூருக்கும் பொருந்தியிருக்கும். ‘நம்மூர்ப் பெரியவர் வெளிநாட்டையும் பாடினார்’ என்று பெருமிதத்தோடு நிறுத்திவிடும் கற்பித்தல் இந்நுட்பத்தைத் தவறவிடும். அப்பாடலிலும் அபுதாபிப் பாடத்தின் இடைவெளி இருக்கிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை: கலங்கள் காட்சிக்கு வருகின்றன, கலம் செலுத்தியோர் வருவதில்லை. பக்திப் பனுவலிடம் அதனை எதிர்பார்ப்பது முறையன்று. பாடநூலிடம் எதிர்பார்ப்பது முறை.

அவ்விடைவெளியை நிரப்பும் சான்று அதே ஊர்க் கோயிலின் சுவரில் உள்ளது. முதற் பராந்தகன் மகன் இராசாதித்தன், 949-இல் தக்கோலப் போரில் மாள்வதற்கு முன்னர், திருமுனைப்பாடி நாட்டில் படையுடன் தங்கியிருந்தான். ஊருக்கு இராசாதித்தபுரம் என்னும் பெயர் அவனால் வந்தது. திருத்தொண்டீச்சரம் எனக் கல்வெட்டுகள் குறிக்கும் இக்கோயிலுக்கு விளக்குக் கொடை அளித்தோருள் அவன் பரிவாரத்து மலைநாட்டு வீரரும் இருந்தனர். அருகிலுள்ள கிராமம் என்னும் ஊரின் கற்றளியை எடுப்பித்தவன் கேரளத்திலிருந்து வந்த படைத்தலைவன் வெள்ளங்குமரன். பிழைப்பின் பொருட்டு நெடுந்தொலைவு வந்து, பணி செய்த ஊரில் விளக்கெரிய ஆடு மாடும் பொன்னும் வைத்துச் செல்வது அக்கால வழக்கம். நான்காம் வகுப்பு மாணவரை ஒரு பிற்பகல் அக்கல்வெட்டின் முன் நிறுத்தி, இவர் எங்கிருந்து வந்தார், என்ன வேலை செய்தார், யாரை விட்டு வந்தார் எனக் கேட்கலாம். முதலிரண்டு வினாக்களுக்குக் கல்லில் விடை உண்டு. மூன்றாவதற்குச் சில குழந்தைகள் தாமாகவே விடை கூறக்கூடும்.