குருட்டுப் பூனையும் தவக்குலும்

அரபி இலக்கணம் பயின்றோர் இப்னு பாபஷாத் (ரஹ்) என்னும் பெயரை மறந்திரார். ஹிஜ்ரி 469இல் (கி.பி. 1077) மறைந்த அன்னார், எகிப்து அரசின் மடல்களில் மொழிப்பிழை களையும் பதவியில் இருந்தவர். அப்பதவியை அவர் துறந்த வரலாற்றை இப்னு கல்லிக்கான் (ரஹ்) தம் ‘வஃபயாத்துல் அஃயான்’ நூலில் தருகின்றார்.

பள்ளிவாசலின் மேல்தளத்தில் அன்னார் தோழர்களுடன் உணவருந்துகையில் ஒரு பூனை வந்தது. இட்ட கவளத்தைக் கவ்விச் சென்றது. மீண்டும் மீண்டும் வந்தது. ஒரு பூனை இவ்வளவும் உண்ணுமோ என ஐயுற்றுப் பின்தொடர்ந்தனர். மறைவிடத்தில் கிடந்த குருட்டுப் பூனை ஒன்றுக்கு அது உணவு சேர்ப்பது தெரிந்தது. இவ்வுயிருக்கே படியளக்கும் இறைவன் தம்மைக் கைவிடான் எனத் தெளிந்து, அவர் பணியை விட்டார்.

நம் மேடைகளில் இது தவக்குலுக்குச் சான்றாகச் சொல்லப்படுகின்றது. அது தவறன்று, ஆனால் கதையின் பாதியே அது. சொல்வோர் பார்வை குருட்டுப் பூனைமீது நிலைக்கின்றது. கவளம் சுமந்த பூனை மறக்கப்படுகின்றது. இறைவன் தந்த ரிஸ்க்கை ஒரு வாய் சுமந்தே கொண்டு சேர்த்தது என்பதையும் கதை சொல்கின்றதன்றோ?

இம்மறதிக்கு விலை உண்டு. பத்தாண்டுகள் வீட்டில் எலி பிடித்த பூனை முதுமையுற்று நோயில் விழுந்தால், “அல்லாஹ் படியளப்பான்” என்று சாக்கிலிட்டு இறைச்சிக்கடைத் தெருவில் விட்டு வருவோர் உளர். அதைத் தவக்குல் என்பது சொல்லுக்கே இழுக்கு.

பூனையைக் கட்டிவைத்துக் கொன்ற பெண்ணைப் பற்றிய ஹதீஸை புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் காண்கின்றோம். அவள்மீதுள்ள குற்றம் இரண்டு கூறுடையது: உணவிடவில்லை, தானே இரைதேட விடவுமில்லை. ஆக, வழிகள் இரண்டு. கண் மங்கி, பல் உதிர்ந்த பூனைக்கு இரண்டாம் வழி அடைபட்டுவிட்டது. முதுமையே அதைக் கட்டிய கயிறு. அதைத் தெருவில் விடுவது விடுதலையாகாது. 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டமும், பசி தாகத்தால் துன்புறும் நிலையில் பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுவதைக் குற்றமென்கின்றது.

ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி மக்களாகிய நாம் தோலின் தரமும் விலையும் அறிந்தவர்கள். ஆட்டுக்கு மருந்து வாங்குமுன் ஆட்டின் விலையைக் கணக்கிடுவது நம் வழக்கம். பூனையிடம் இக்கணக்குச் செல்லாது. பூனையின் கிரயத்தைப் பெருமானார் (ஸல்) கண்டித்ததாக ஜாபிர் (ரலி) அறிவிப்பதும் இங்கே நினைக்கத்தக்கது. விலையற்ற உயிரிடம் எஞ்சுவது பொறுப்பு ஒன்றே.

அப்பொறுப்பு எதுவரை? சக்திக்கு மீறி இறைவன் எவரையும் சுமத்துவதில்லை. கடன்பட்டு மருத்துவம் செய்யவேண்டும் என நாம் கூறவில்லை. கால்நடை மருத்துவரிடம் ஒருமுறையேனும் காட்டி, இரண்டு வினாக்களைக் கேட்கலாம்: இது குணமாகுமா? சிகிச்சை வேதனையைக் குறைக்குமா, நீட்டுமா? மிகுதியாக நீர் குடித்து உடல் மெலிந்து வரும் கிழப்பூனைக்குச் சிறுநீரகம் பழுதுபட்டிருக்கலாம். அது முற்றாகக் குணமாவதில்லை. ஆயினும் ஏற்ற உணவும் மருந்தும் துன்பத்தைத் தணிக்கக்கூடும். நமக்குத் தெரிந்த மாத்திரையைத் தாமே கொடுப்பது பேராபத்து. காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாராசிட்டமால் பூனைக்கு நஞ்சு. குணமாகாதெனத் தெரிந்தபின்னும் மென்மையான உணவு, தூய நீர், இதமான மூலை ஆகியவற்றைத் தருவதும் சிகிச்சையே.

இது ஃபத்வா அன்று. ஒரு கதையை முழுமையாக வாசிக்கும் முயற்சியே. இப்னு பாபஷாத் (ரஹ்) குருட்டுப் பூனையிடம் நம்பிக்கையைக் கற்றார். கவளம் சுமந்த பூனையிடம் கடமையைக் கற்பது நமக்கு எஞ்சியுள்ள பாடம்.