தெனாலியின் பயப் பட்டியல்

2000 ஏப்ரலில் ஆனையிறவு படைமுகாம் புலிகளிடம் வீழ்ந்தது. அதே ஆண்டு தீபாவளிக்கு, அக்டோபர் 26 அன்று, 'தெனாலி' வெளியானது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் சண்டை ஓயாத நேரம். அந்தப் போரிலிருந்து தப்பி வந்த ஒருவனை நாயகனாக்கி, எதைக் கண்டாலும் நடுங்கும் அவன் மனநோயைச் சிரிப்பாக்கிய படம் அது. ஈழப்போரின் நடுவில் தமிழ்நாட்டு வெகுஜன சினிமா துணிந்து எடுத்த முழுநீள நகைச்சுவை என்று இதைத்தான் சொல்ல வேண்டும். கே.எஸ்.ரவிக்குமார் இயக்கம், கிரேசி மோகன் வசனம், கமல்ஹாசன் நடிப்பு. கதையின் எலும்புக்கூடு 1991இல் வந்த 'வாட் அபௌட் பாப்?' என்ற ஹாலிவுட் படத்தை அப்படியே நினைவூட்டும். ஆனால் அந்த அமெரிக்க நோயாளிக்குப் பின்னால் போர் கிடையாது. ஈழத்தைக் கொண்டுவந்து சேர்த்தது தமிழ்ப் படம்தான்.

சிறுவயதிலிருந்தே எனக்கு இந்தப் படத்தின் மேல் தீராப் பிரியம். எங்கள் ஊர் உடன்குடிக்காரர்கள் பலருக்கும் அப்படித்தான். அதற்கு இந்தக் கரையில் ஒரு காரணம் உண்டு. குலசேகரன்பட்டினம், மணப்பாடு, காயல்பட்டினம் என்று நீளும் எங்கள் பக்கத்தில் இலங்கை வானொலி வீட்டு வானொலி மாதிரி. அதன் அறிவிப்பாளர் பி.எச்.அப்துல் ஹமீதின் குரலைக் கேட்டபடிதான் பதநீர் காய்ச்சினார்கள், கருப்பட்டிக் கடையில் கணக்கெழுதினார்கள். அவர் நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு' தொலைக்காட்சிக்கு வருவதற்கு வெகுமுன்பே எங்களுக்கு அது வானொலி நிகழ்ச்சியாகப் பழக்கம். கமலுக்கு இலங்கைத் தமிழ் பேசப் பயிற்சி கொடுத்தவர் அதே அப்துல் ஹமீதுதான், படத்திலும் தலைகாட்டுகிறார். மற்ற ஊர்களில் தெனாலியின் பேச்சு புதுமையாகக் கேட்டிருக்கலாம். எங்களுக்கு அது காதில் ஏற்கெனவே இருந்த பேச்சு.

அந்தப் பேச்சில்தான் விவாதமும் தொடங்குகிறது. ஈழத்தமிழர் சிலர் இதை ரசித்தார்கள்: ஒரு பெரிய நட்சத்திரம் தங்கள் தமிழைப் படம் முழுக்கப் பேசுகிறாரே என்று. வேறு சிலருக்கு மனம் கசந்தது. எந்த ஊருக்கும் உரியதல்லாத கலவைப் பேச்சு என்றார்கள். வீட்டையும் உறவையும் பறிகொடுத்தவனின் நடுக்கம் கொட்டகையில் கைதட்டலுக்கு உதவுகிறதே என்றார்கள். இரண்டாவது புகார் கனமானது. அதைத் தட்டிக்கழிக்க முடியாது.

மருத்துவரிடம் தெனாலி தன் பயங்களை அடுக்கும் காட்சியை எடுத்துக்கொள்வோம். பள்ளிப் பிள்ளைகள் மூச்சுவிடாமல் ஒப்பித்த காட்சி. கமல் குரலை ஏற்றாமல், கண்ணை மட்டும் அலையவிட்டு, மூச்சு முட்டுகிற வேகத்தில் சொல்லிக்கொண்டே போகிறார். நடிப்பு அபாரம். ஆனால் கவனித்துக் கேட்டால், பட்டியலை நடத்திச் செல்வது எதுகை, போர் அல்ல. ஓசை எதைக் கேட்கிறதோ அது பயமாகிவிடுகிறது. போரை மறப்பது அங்கே மட்டுமல்ல. கொடைக்கானலில் பொறுமையிழக்கும் அந்த மருத்துவர் கைலாஷ் (ஜெயராம்), தெனாலியைக் கட்டிப்போட்டு வெடிகுண்டு வைக்கிறார். தெனாலி அதையும் ஒரு சிகிச்சை என்றே எடுத்துக்கொள்கிறான். குண்டுக்குத் தப்பி வந்தவன் உடம்பில் குண்டு. இதன் கொடுமை படத்துக்கே தெரியவில்லை. இப்போது அந்தக் குண்டுக் காட்சியில் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

இருந்தும் படத்தை நான் கைவிடமாட்டேன். அடுத்து வந்த படங்களோடு வைத்துப் பார்த்தால் காரணம் தெரியும். பாலாவின் 'நந்தா' (2001) அகதிப் பெண்ணைக் கருணைக்குரியவளாகக் காட்டியது. மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) ஆயுதம் ஏந்திய தாயைக் காட்டியது. ஒன்று கண்ணீர், இல்லாவிட்டால் துப்பாக்கி. போருக்குள் அகப்பட்ட பெரும்பாலானவர்கள் இந்த இரண்டிலும் சேராதவர்கள். பயந்தவர்கள். விமானச் சத்தம் கேட்டால் பதுங்குகுழிக்கு ஓடி, ஊர் மாறி, நாடு மாறி, பிறகும் பட்டாசுச் சத்தத்தில் திடுக்கிடுபவர்கள். அந்த மனிதனைக் கதாநாயகனாக்கி, கதாநாயகியின் காதலையும் கொடுத்தது 'தெனாலி'. பயத்தை அவமானமாக்கவில்லை.

போரை வைத்துச் சிரிக்கலாமா என்பது பழைய கேள்வி. 'தி கிரேட் டிக்டேட்டர்' (1940) எடுத்த சாப்ளின், வதைமுகாம்களின் உண்மை முன்பே தெரிந்திருந்தால் அந்தப் படத்தை எடுத்திருக்க முடியாது என்று தன்வரலாற்றில் எழுதினார். 'தெனாலி' எடுத்தவர்களுக்கு அந்தச் சாக்கு இல்லை. 1983 முதல் எல்லாமே செய்தித்தாளில் வந்துகொண்டிருந்தது. ஆனால் சிரிப்பே ஈழத்துக்கு அந்நியம் என்பதும் தவறு. மரைக்கார் எஸ்.ராமதாஸ் எழுதிய வானொலி நாடகம் 1976இல் 'கோமாளிகள்' என்று இலங்கையிலேயே படமானது. மரைக்காரின் முஸ்லிம் தமிழ், அப்புக்குட்டி ராஜகோபாலின் யாழ்ப்பாணத் தமிழ், உபாலி செல்வசேகரனின் சிங்களச் சாயல், அப்துல் ஹமீதின் ஐயர் தமிழ் எல்லாம் ஒன்றையொன்று கிண்டலடித்தன. எல்லாருக்கும் அடி, எல்லாருக்கும் சிரிப்பு. 'தெனாலி'யில் வேற்றுப் பேச்சு ஒன்றே ஒன்றுதான். சுற்றியிருப்பவர்கள் அத்தனை பேரும் நம் பேச்சு. சிரிப்பு ஒரே திசையில் பாய்வது அதனால்தான்.

2025 மே மாதம் வந்த அபிஷன் ஜீவிந்தின் 'டூரிஸ்ட் ஃபேமிலி' இந்தக் கணக்கைக் கொஞ்சம் நேராக்கியது. இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் படகேறி வந்த குடும்பம். பேச்சு காட்டிக்கொடுத்துவிடுமோ என்ற கலக்கம். இங்கே பயத்துக்குக் காரணம் திரையிலேயே இருக்கிறது: காவல்துறை, ஆவணம், சட்டம். சிரிப்பு அக்கம்பக்கத்தாரின் இறுக்கம் தளர்வதிலிருந்து வருகிறது. ஆனால் சசிகுமாரின் தர்மதாஸ் குறையே சொல்ல முடியாத நல்லவர். அகதி என்றால் நல்லவனாக இருந்தே தீர வேண்டும் என்ற நிபந்தனை அதில் ஒளிந்திருக்கிறது. தெனாலி அப்படியல்ல. ஒட்டிக்கொள்வான், தொல்லை கொடுப்பான், போகச் சொன்னாலும் போகமாட்டான். எங்கள் மாவட்டத்தில் தாப்பாத்தி அகதிகள் முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, நல்லவர்களாக நிரூபிக்காமலேயே இங்கே இருக்கும் உரிமை வேண்டும். அந்த உரிமையை எந்தக் கூச்சமும் இல்லாமல் எடுத்துக்கொண்ட ஒரே திரை அகதி, எனக்குத் தெரிந்து, தெனாலி சோமன்தான்.