ராபின் டேயின் கேள்விக் கலை

தொலைக்காட்சி அரசியல் நேர்காணலுக்கு இலக்கணம் தேடுவோர் பிரிட்டனின் ராபின் டேயிடமிருந்து (1923–2000) தொடங்குவதே முறை. ஆக்ஸ்போர்டில் சட்டம் பயின்று, சிறிது காலம் வழக்கறிஞராகவும் இருந்த அவர், 1955இல் தனியார் தொலைக்காட்சிக்கென ஐ.டி.என். என்னும் செய்தி நிறுவனம் தோன்றியபோது அதன் முதல் செய்தி வாசிப்பாளர்களுள் ஒருவரானார். அடுத்த 14 நாள்களுக்குள் நாடாளுமன்ற விவாதத்துக்கு வரவுள்ள எப்பொருளையும் ஒலி, ஒளிபரப்பில் விவாதிக்கலாகாது என்னும் ‘பதினான்கு நாள் விதி’ அப்போது நடைமுறையில் இருந்தது. அமைச்சர்களிடம் கேட்கப்பட்ட கேள்விகளும் பெரும்பாலும் அவர்கள் நடந்துவர விரிக்கப்பட்ட நடைபாவாடைகளாகவே இருந்தன.

சூயஸ் போருக்குப் பின் பிரிட்டனுக்கும் எகிப்துக்கும் தூதரக உறவு அற்றிருந்த 1957இல், கெய்ரோவில் அதிபர் நாசரை அவர் கண்ட நேர்காணலில் அவ்வழக்கத்திலிருந்து விலகிய அவருடைய கேள்விக் கலையின் நுட்பம் தெளிவாகப் புலப்படுகிறது. இஸ்ரேல் நிலையான தனிநாடாக இருப்பதை இப்போது ஏற்கிறீர்களா என்று டே வினவ, நீங்களாகவே ஒரு முடிவுக்குத் தாவுகிறீர்கள் என்று நாசர் நழுவ முயல, இல்லை, கேள்விதான் கேட்கிறேன் என்று டே விடையிறுத்தார். அவ்விடையில் சினமும் இல்லை, சொல்லலங்காரமும் இல்லை. பதில் சொல்லும் பொறுப்பை எதிரே இருப்பவரிடமே திருப்பி வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் அந்தச் சிக்கனம், எதிர்த்தரப்புச் சாட்சியை வினவும் குறுக்கு விசாரணையில் பழகியவருக்கே வாய்ப்பது. மறு ஆண்டில், பிரதமர் மேக்மில்லனிடமே அவருடைய வெளியுறவு அமைச்சர் செல்வின் லாயிட் மீதான கண்டனங்களைப் பற்றி நேரடியாகக் கேட்டதும் இதே முறையில்தான்.

1961இல் அவர் வகுத்த நேர்காணல் நெறிகளுள், கேள்விகளை முன்கூட்டியே கொடுத்தல் கூடாது என்பதும், தொலைக்காட்சிக்குப் பழக்கமில்லாதவரைத் தம் தொழில் அனுபவத்தால் மடக்குதல் தகாது என்பதும், கேட்பவர் வழக்குத் தொடுப்பவரல்லர், பார்வையாளர் சார்பில் தகவல் தேடும் செய்தியாளரே என்பதும் குறிப்பிடத்தக்கவை.

இந்நெறிகளைக் கொண்டு அளந்தால், அவருடைய மிகப் புகழ்பெற்ற நேர்காணலே சற்றுக் குறைபடுகிறது. 1982இல், அடுத்த தேர்தலில் போட்டியிடுவதில்லை என அறிவித்திருந்த பாதுகாப்பு அமைச்சர் ஜான் நாட்டிடம் கடற்படைக் குறைப்பைப் பற்றிக் கேட்கையில், இன்றிருந்து நாளை போய்விடும் அரசியல்வாதி என்னும் பொருள்பட ஓர் அடைமொழியையும் டே சேர்த்துக்கொண்டார். நாட் ஒலிவாங்கியைக் கழற்றிவிட்டு எழுந்து சென்றார். காட்சி கிடைத்தது, பதில் கிடைக்கவில்லை. கெய்ரோவில் கேட்ட கேள்வியே அவருடைய தலைசிறந்த கேள்வி.